ஷூ வாங்கிக் குடுத்த பாவி நான்

பயணம்னா ஸ்போர்ட்ஸ் ஷூதான்னு அடம்பிடிக்கிற மக்களே, ஒரு நிமிஷம்! எங்க பக்கம் திருப்பனந்தாள், கஞ்சனூர், சூரியனார்கோவில்னு ஒரே நாள்ல மூணு கோயில் போனா, ஆறு தடவை லேஸோட மல்லுக்கட்டணும்.

நானும் உங்க பேச்சைக் கேட்டு அப்பாவுக்கு விலை கூடின ஷூ வாங்கிக் குடுத்தேன். அவர் சர்க்கரைக்காரர், குதிகால்ல கொப்புளம் வந்தது வலிக்கவே இல்லை. ராத்திரி சாக்ஸைக் கழட்டினப்பதான் ரத்தம் தெரிஞ்சது.

விலைக்கும் சுகத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. கால் லேசா வீங்கியிருக்கிற சாயங்காலத்துல, போட்டு நடந்து பாத்து வாங்குங்க. நுனியில கைக்கட்டைவிரல் அகலம் இடம் வேணும். சர்க்கரை இருந்தா டாக்டரைக் கேட்டு, பின்வார் வச்ச எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்க, மதியம் சுடுற கருங்கல் தரையில வெறுங்காலோட நடக்க விடாதீங்க.

பந்தாவுக்கு ஷூ போடணுமா? காலேஜுக்குப் போட்டுக்கோங்க :-)