கத்திரிக்காயை வில்லனாக்கின விளையாட்டு

இந்த வாரம் மிளகாய்க்குச் சொட்டுநீர் போட்ட கதையை எழுதறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு ஒரு வீடியோ கேமைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க, விஷயம் கத்திரிக்காய் சம்பந்தப்பட்டது.

செவ்வாய்க்கிழமை மண்டிக்குப் போயிட்டு வந்து திண்ணையில உட்கார்ந்திருந்தேன். பதினோரு மூட்டை காய். கிலோ 6 ரூபாய்க்குப் போச்சு. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் கழிச்சா கையில நின்னதை எழுதவே வெட்கமா இருக்கு. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து பையன் கத்தறான். "அப்பா, ஓடி வாங்க! நம்ம கத்திரிக்காய் இவனைச் சாவடிக்குது!"

போய்ப் பார்த்தா, என் போன்ல பழைய கேம் ஒண்ணை இறக்கி வச்சிருக்கான். வெள்ளைத் தொப்பி, இடுப்புல இலை, வெறும் மார்பு, தொந்தி. பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அட்வென்ச்சர் ஐலேண்டு! இவன் தலைக்கு மேலே ஒரு கத்திரிக்காய் சுத்திக்கிட்டே இருக்கு, மேலே இருக்கிற உயிர்க்கோடு மளமளன்னு இறங்குது.

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு இதைப் பார்த்து. நான் எட்டாவது படிக்கிறப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில மூணு டிவி போட்டு, மணிக்கு 10 ரூபாய்னு விளையாட விடுவாங்க. ஜப்பான்ல நிண்டெண்டோ 1983-ல் விட்ட ஃபேமிகாம் பெட்டியோட நகல்தான் நம்ம ஊருக்கு வந்தது. அசலை நாங்க யாரும் கண்ணால பார்த்ததில்லை. மஞ்சள் கேசட்டு, ஓடலைன்னா எடுத்து ஊதி மறுபடி சொருகணும். ஒரே கேசட்டுல நூத்துக்கணக்குல கேம் இருக்குன்னு மேல போட்டிருக்கும், உள்ளே திரும்பத் திரும்ப அதே இருபதுதான் வரும். அந்த இருபதுல ஒண்ணு இது. பேரை ஒழுங்கா வாசிக்கத் தெரியாததால நாங்க வச்ச பேரு "இலைக்காரன்".

அன்னைக்கு விளையாடும்போது எனக்கு ஒண்ணும் தோணலை. இப்போ பையன் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்க்கிறப்பதான் உறைக்குது. நான் பார்த்த வீடியோ கேம்கள்லேயே விவசாயிக்குப் புரியற கேம் இதுதான். ஒரே ஒரு இடத்துல மட்டும் பெரிய பொய் சொல்லுது. அதுக்கு வர்றேன்.

முதல்ல புரியற விஷயம். மாரியோவுக்கு மேலே கடிகாரம் ஓடும். இத்தனை நொடிக்குள்ள கொடியைத் தொடணும், அவ்வளவுதான். இலைக்காரனுக்குக் கடிகாரம் கிடையாது, வயிறுதான். மேலே ஒரு கோடு இருக்கு. நடந்தாலும் குறையும், குதிச்சாலும் குறையும், எதிரியே இல்லாத இடத்துல சும்மா நின்னாலும் குறையும். தீர்ந்துட்டா ஒரு உயிர் போச்சு. வழியில தொங்கற ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் எடுத்துக்கிட்டே போனாத்தான் கோடு கொஞ்சம் ஏறும். பால் கிடைச்சா முழுசா நிரம்பிடும். கல்லுல இடறினா குறையும். நத்தை, பாம்பு, தவளை, வௌவால்னு எதிரிகள் வேற. திரை வலது பக்கம் மட்டும்தான் நகரும், விட்டுட்டு வந்த பழத்துக்குத் திரும்பிப் போக முடியாது.

பையன் முதல்ல பாம்புக்குத்தான் பயந்தான். ரெண்டு நாள் கழிச்சு, "அப்பா, பாம்பை விட்டுடலாம், பழத்தை விட்டாதான் செத்துடறான்"னு சொன்னான். எனக்கு அதைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம். சும்மா நின்னா பசிக்கும்கிறதை பத்தாயிரம் தடவை சொன்னாலும் புரியாத வயசு அது. அவனே கண்டுபிடிச்சுட்டான்.

ஸ்கேட்டிங் பலகையையும் சொல்லியாகணும். முட்டையை உடைச்சா சில சமயம் பலகை கிடைக்கும். ஏறினா பறக்கலாம், ஒரு அடி வாங்கினா பலகை மட்டும் போகும், உயிர் தப்பிக்கும். ஆனா ஏறினதுக்கப்புறம் நிக்க முடியாது. வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான், பள்ளம் வந்தாலும் போய்க்கிட்டேதான் இருக்கணும். டிராக்டர் லோன் ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் கொண்டுபோய் விவசாயத்துல முடிச்சுப் போடறீங்கன்னு வீட்டம்மா திட்டுவாங்க, அதனால இதோட நிறுத்திக்கிறேன்.

இந்தக் கேமுக்கே ஒரு கதை இருக்கு. 1986-ல் எஸ்கேப்னு ஒரு சின்னக் கம்பெனி, சேகாவுக்காகக் கடைகள்ல காசு போட்டு விளையாடற இயந்திரத்துக்கு வொண்டர் பாய்னு ஒரு கேம் செஞ்சாங்க. கேம் இவங்களது, ஆனா பேரும் அந்தப் பையனோட உருவமும் சேகாவுக்குச் சொந்தம். ஹட்சன் கம்பெனி இதை ஃபேமிகாமுக்குக் கொண்டு வரும்போது பையனைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட வேண்டியதாயிடுச்சு. யாரைப் போட்டாங்க தெரியுமா? தங்கள் கம்பெனியில வேலை பார்த்த ஒருத்தரையே போட்டாங்க. தகாஹாஷி மெய்ஜின். நொடிக்கு 16 தடவை பட்டனை அழுத்துவார்னு ஜப்பான் பிள்ளைங்க மத்தியில பெரிய புகழ். அவர் போடற தொப்பிதான் இலைக்காரன் தலையில இருக்கிற தொப்பி. 1986 செப்டம்பர்ல ஜப்பான்ல வந்துச்சு. அமெரிக்காவுக்குப் போனப்ப அவர் பேரு மாஸ்டர் ஹிக்கின்ஸ்னு மாறிடுச்சு. மந்திரவாதி தூக்கிட்டுப் போன இளவரசியைத் தேடிப் போறார், 8 பகுதி, ஒவ்வொண்ணுலயும் 4 சுற்று. கதை அவ்வளவுதான்.

ஹட்சன் கம்பெனி 1973-ல் தொடங்கினது சப்போரோவுல. ஜப்பானோட வடக்குக் கோடி, குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டற ஊரு. தென்னையும் கடலும் வெயிலுமா இப்படி ஒரு தீவு அந்த மாதிரி ஊர்ல பிறந்த கம்பெனிகிட்ட இருந்து வந்திருக்கு. அதனாலதானோ என்னமோ, அந்தத் தீவுல ஒரு விவசாயி கூட இல்லை. பழமெல்லாம் அந்தரத்துல தொங்குது. பறிகூலி கிடையாது, புழு கிடையாது. "இதையெல்லாம் யாரு சாமி விளைய வச்சது?"ன்னு பையனைக் கேட்டேன். "தானா வரும்பா"ன்னான். தப்புச் சொல்ல முடியாது. கடையில காய் வாங்கறவங்க பாதிப் பேரு அப்படித்தான் நினைக்கறாங்க.

சரி, அந்தப் பொய்க்கு வர்றேன். முட்டையை உடைச்சா கோடாரி வரலாம், பலகை வரலாம், நல்லது ஏதாவது வரும்னு ஆசையா உடைப்போம். சில முட்டையில மட்டும் கத்திரிக்காய் வரும். அது இலைக்காரனை விடாம மேலேயே சுத்தும், இருக்கிற வரைக்கும் உயிர்க்கோட்டை உறிஞ்சிடும். எத்தனையோ காய் கனி இருக்கிற உலகத்துல உயிரை உறிஞ்சறதுக்கு இவங்களுக்குக் கிடைச்சது கத்திரிக்காய்!

ஜப்பான்காரங்களுக்குக் கத்திரிக்காய் பிடிக்காதோன்னு தேடிப் படிச்சேன். நேர் எதிர். புது வருஷத்துல முதல் கனவு ரொம்ப முக்கியமாம் அவங்களுக்கு. ஃபியூஜி மலை வந்தா முதல் யோகம், வல்லூறு வந்தா அடுத்தது, மூணாவது கத்திரிக்காய். காரியம் கைகூடறதைக் குறிக்கற அவங்க சொல்லும் கத்திரிக்காயோட பேரும் ஒரே மாதிரி ஒலிக்கறதும் ஒரு காரணமாம். அப்புறம் ஓபோன்னு முன்னோர்களைக் கும்பிடற பண்டிகை. அதுல வெள்ளரிக்காயில நாலு குச்சி சொருகிக் குதிரை செய்வாங்க, கத்திரிக்காயில நாலு குச்சி சொருகி மாடு செய்வாங்க. முன்னோர்கள் குதிரையில சீக்கிரமா வீட்டுக்கு வரணுமாம், திரும்பும்போது மாட்டுல மெதுவாப் போகணுமாம். படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்க தாத்தா போட்ட கிணத்துத் தண்ணியிலதான் இன்னைக்கும் என் கத்திரி நிக்குது.

இவ்வளவு மரியாதை வச்சிருக்கிற ஊர்ல அது ஏன் வில்லனாச்சு? அதே 1986-ல் நிண்டெண்டோவோட கிட் இக்காரஸ் கேம்லயும் ஒரு கத்திரிக்காய் மந்திரவாதி வர்றான், நாயகனையே கத்திரிக்காயா மாத்திடறான். ஒரு வருஷம் முன்னாடி வந்த ஐஸ் கிளைம்பர்ல மட்டும் மலை மேல ஏறிக் கத்திரிக்காய் பறிச்சாப் பாயிண்டு உண்டு, அந்த மகராசன் நல்லா இருக்கட்டும். எனக்குத் தோணறது இதுதான்: கேம் செஞ்சவங்களுக்குப் பிள்ளைங்க மனசு தெரியும். எந்த ஊர்ப் பிள்ளையா இருந்தாலும் தட்டுல ஓரமா ஒதுக்கற காய்ல கத்திரிக்காய்க்கு முன்வரிசையில இடம் உண்டு. என் வீட்லயே ஒதுக்கறான், கத்திரி விளைவிக்கிறவன் மகன்! பள்ளிக்கூடத்துச் சாம்பார்ல கத்திரிக்காய் போட்டா எல்லாரும் பொறுக்கி வெளிய வைப்பாங்களாம், அதைப் பெருமையா வந்து சொல்றான்.

இதுல எனக்கு விளையாட்டு ஒண்ணும் இல்லைங்க. இந்தப் பிள்ளைங்க பெரியவங்களாகி மார்க்கெட்டுக்குப் பை எடுத்துக்கிட்டுப் போறப்போ கத்திரிக்காயைத் தாண்டிப் போயிட்டா, என் காய் 6 ரூபாய்க்குக்கூடப் போகாது. காய்ப்புழுவுக்கு மருந்து இருக்கு, பொறி இருக்கு. நாக்கு மாறிப்போச்சுன்னா அதுக்கு என்ன பண்றது?

இதைப் போன்ல சொன்னதுக்கு மச்சான் ஒருத்தர், "அப்போ விவசாயம் செய்யற கேம் இருக்கே, அதைக் குடுங்க பையனுக்கு"ன்னார். இருக்கு. 1996-ல் சூப்பர் ஃபேமிகாம்ல வந்த ஹார்வெஸ்ட் மூன்தான் அதுல பேர்போனது. நிலத்தைக் கொத்தணும், விதை போடணும், தினமும் தண்ணி ஊத்தணும். நல்லாத்தான் இருக்கும். ஆனா விளைஞ்சதைக் கொண்டுபோய் ஒரு பெட்டியில போட்டா சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்கிட்டுக் காசு குடுத்துடுவான். எத்தனை போட்டாலும் அதே விலை! வரத்து ஜாஸ்தி, விலை படுத்துடுச்சுங்கற பேச்சே கிடையாது. அதை விளையாடிப் பழகினவன் நிஜமா நிலத்துல இறங்கினா ரெண்டாவது வெள்ளாமையில ஓடிடுவான். கத்திரிக்காயை வில்லனாக்கினதைவிட இது பெரிய பொய்யின்னு நான் சொல்லுவேன்.

இப்போ போன்ல வர்ற கேம்கள்லயும் இதே மாதிரி ஒரு கோடு இருக்கு. சக்தி தீர்ந்துடுச்சு, காத்திரு, இல்லைன்னா காசு கட்டுன்னு கேட்கும். இலைக்காரனோட கோடு யார்கிட்டேயும் காசு கேட்டதில்லை. ஓடு, குதி, பறி, சாப்பிடு. செத்தா கோடாரியும் போயிடும், வெறுங்கையோட திரும்ப ஓடணும். எனக்கு அந்த நியாயம் பிடிச்சிருக்கு. (அன்னைக்குக் கடைக்காரர் மணிக்கு 10 ரூபாய் வாங்கினார், அது வேற கணக்கு.) அதனால வீட்டம்மா, "நீங்களே புள்ளையைக் கெடுக்கறீங்க"ன்னு சொன்னாலும், தினம் அரை மணி நேரம் இந்தக் கேமுக்கு மட்டும் போனைக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.

பையன் இப்போ ரெண்டாவது பகுதியில மாட்டிக்கிட்டு இருக்கான். மூணு உயிரும் போனா மறுபடி முதல்ல இருந்துதான். ஆனா அதுக்கு ஒரு வழி இருக்கு. முதல் சுற்றுலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டைக்குள்ள தேனீ ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். ஹட்சன் கம்பெனியோட சின்னம் அது. அதை எடுத்துட்டா, செத்த இடத்துப் பகுதியில இருந்தே மறுபடி தொடங்கலாம். 25 வருஷத்துக்கு முன்னாடி எனக்கு அந்த ரகசியத்தைச் சொன்ன அண்ணன் ரெண்டு கடலை மிட்டாய் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னார். சரியா எந்த இடம்னு இங்கே எழுத மாட்டேன், பையன் இந்தப் பக்கத்தைப் படிக்கறான்.

இன்னைக்கு ராத்திரி எண்ணெய்க் கத்திரிக்காய் குழம்பு. விக்காம திரும்பின காய்தான். ரெண்டு கரண்டி ஊத்திச் சாப்பிட்டா தேனீ எங்கே இருக்குன்னு சொல்றேன்னு பேரம் பேசியிருக்கேன். காம்பு இருக்கக் கூடாது, விதை இருக்கக் கூடாதுன்னு நிபந்தனை மேல நிபந்தனை. முதல் கரண்டி இறங்கியிருக்கு.