பேக்கேஜுக்குள் யார் யார்? ஜாவாவுக்கே தெரியாதாம்!

"ஒரு பேக்கேஜில் இருக்கும் எல்லா கிளாஸையும் புரோகிராம் ஓடும்போதே எடுத்துக் கொடு" என்று கேட்டால் ஜாவா கையை விரிக்கிறது. இதற்காக ஜாவாவைத் திட்டாத ஆளே எங்கள் வகுப்பில் இல்லை. மன்னிக்கவும் மக்களே, நான் ஜாவா கட்சி.

பெயரைச் சொன்னால் கிளாஸைத் தேடித் தரும், கிளாஸ்லோடரின் வேலை அவ்வளவுதான். அந்தக் கிளாஸ் ஹார்ட் டிஸ்கில் இருக்கலாம், நெட்வொர்க்கில் வரலாம், அந்த நொடியில் மெமரியிலேயே உருவாகலாம். ஒரே பேக்கேஜ் நாலு ஜாரில் சிதறியும் கிடக்கலாம். எங்கிருந்து பட்டியல் போடுவது?

நம்மாட்கள் விடுவார்களா? பேக்கேஜ் பெயரில் புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட்டு, ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களை எண்ணுகிறார்கள். எக்லிப்ஸில் அழகாக ஓடும். ஜாராகக் கட்டினால் அங்கே ஃபோல்டரே கிடையாது, படுத்துவிடும். அதுவும் டெமோ அன்றைக்குத்தான்!

2006-ல் வந்த ஜாவா 6-லேயே சர்வீஸ்லோடர் இருக்கிறது. கிளாஸ் பெயர்களை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். "ஒவ்வொரு புது கிளாஸுக்கும் ஒரு வரி சேர்க்கணுமா?" சேர்த்தால் என்ன, விரல் தேய்ந்துவிடுமா?

ஸ்பிரிங் ஸ்கேன் செய்கிறதே என்பீர்கள். செய்கிறது, ஜாருக்குள்ளும் நுழைந்து ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அந்த ஸ்பிரிங்கே 2017-ல், 5.0-வில், கம்பைல் செய்யும்போதே பட்டியலை எழுதி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஏனாம்? ஸ்கேன் செய்தால் தொடங்க நேரமாகிறதாம்!