வண்டி நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை!

நாசிக் வெங்காயம், குண்டூர் மிளகாய், மகாராஷ்டிரத்துத் துவரம் பருப்பு என்று நம் கடைகளில் அடுக்கியிருக்கும் மூட்டைகள் எல்லாம் லாரியில் வந்தவை. தஞ்சையிலிருந்து வெளியூர் போகும் அரிசியும் லாரியில்தான் போகிறது. ஆனால் இப்போது புக்கிங் ஆபீசுக்குப் போன் செய்தால், "வண்டி நிக்குது, ஓட்டத்தான் ஆள் இல்லீங்க" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறோம். வாடகை கூட்டித் தருகிறோம் என்று சொன்னாலும் டிரைவர் வந்துவிடுவதில்லை.

2025 அக்டோபரில் குறுவை நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையங்களில் தேங்கி, மழையில் நனைந்து முளைவிட்டதை டெல்டாவில் உள்ள நாம் மறக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாப் பழியையும் டிரைவர் பஞ்சத்தின் மேல் போடுவது நியாயமாகாது. இருந்தாலும் அறுவடை நேரத்தில் சரக்கு நகராமல் நின்றால் என்ன நடக்கும் என்பதை அன்று பார்த்துவிட்டோம்.

முன்பெல்லாம் டிரைவரை யாரும் பணம் செலவழித்து உருவாக்கியதில்லை. பதினைந்து வயதுப் பையன் கிளீனராக ஏறுவான். கண்ணாடி துடைத்து, தார்ப்பாய் கட்டி, ஸ்டெப்னி மாற்றி, டிரைவர் அண்ணனிடம் திட்டு வாங்கி, ஆளில்லாத ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டியரிங் பிடித்துப் பழகுவான். ஐந்தாறு வருஷத்தில் அவனே டிரைவர் ஆகிவிடுவான். இந்த முறையில் குறைகள் இருந்தன. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை ரோட்டில் கிடந்தான். சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. இன்று அந்தப் பையன் பாலிடெக்னிக் போகிறான், இல்லாவிட்டால் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகிறான். அது நல்லதே. ஆனால் கிளீனர் சீட் காலியான பிறகு டிரைவர் எங்கிருந்து வருவார் என்று யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர்கள் சிலர் உண்டு. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில் 1995-ஆம் ஆண்டே அசோக் லேலண்ட் நிறுவனம் தமிழக அரசுடன் சேர்ந்து ஓட்டுநர் பயிற்சி நிலையம் தொடங்கியது. லாரி விற்கும் கம்பெனிக்கு ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. லாரியில் சரக்கு ஏற்றும் நமக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா?

அமெரிக்காவில் பெரிய லாரிக் கம்பெனிகள் தாமே புதியவர்களுக்குக் கற்றுக் கொடுத்து வேலையும் தருகின்றன. லைசென்ஸ் வாங்கியதும் தனியாக அனுப்பிவிடுவதில்லை. பழகிய டிரைவர் ஒருவருடன் ஒரே வண்டியில் சில வாரம் ஓடவேண்டும். இதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காலி வண்டியை மைதானத்தில் ரிவர்ஸ் எடுப்பது வேறு. இருநூறு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு, வாய்க்கால் கரை ரோட்டில், எதிரே பஸ் வர, குறுகிய பாலத்துக்கு முன்னால் பிரேக் பிடிப்பது வேறு. லோடு வண்டி நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால்தான் மனதில் பதியும்.

நம் ஊரில் புதிதாக வரும் பையனுக்கு வழி எப்படி இருக்கிறது? இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்தால்தான் கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் நீக்கப்பட்டது. 2021-இல் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மையங்களில் கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம்.

பையன்கள் நழுவிப் போவது அந்த ஓராண்டில்தான். அப்போது அவனுக்கு வருமானம் வேண்டாமா? இங்கே நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. நம் உறுப்பினர்களிடம் குட்டியானைகளுக்குக் குறைவில்லை. 20 வயது நிரம்பிய பையன் அந்த ஓராண்டை நம்மிடம் சம்பளத்துக்குச் சரக்கு இறக்கி ஓட்டட்டும். கீழவாசல் சந்துகளில் ஒரு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு எந்த ஊர் ரோடும் பயம் காட்டாது. அதன்பின் ஆறு வாரப் பயிற்சிக் கட்டணத்தைச் சங்கம் கட்டட்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் இரண்டு மாதம் மூத்த டிரைவருடன் அனுப்புவோம். அந்த மூத்தவருக்கும் கூடுதல் படி தரவேண்டும். சும்மா சொல்லிக்கொடு என்றால் யார் சொல்லிக்கொடுப்பார்?

"கற்றுக்கொண்டு ஓடிவிட்டால்?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்குச் சொல்லப்படும் மருந்துதான் நமக்குப் பிடிக்கவில்லை. ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் வை, தகப்பனாரிடம் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கு என்கிறார்கள். இது பண்ணையாள் முறை இருந்த மண். அவர்களைக் காக்க 1952-இல் தஞ்சாவூருக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கடனைக் காட்டி வேறிடம் வேலைக்குப் போகவிடாமல் ஒருவனைக் கட்டிப் போடுவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். வயலில் ஒழித்ததை லாரி கேபினில் கொண்டுவர நம் சங்கம் உடன்படக் கூடாது.

கணக்கை வெளிப்படையாக வைத்தால் போதும். கட்டணத்தைப் பன்னிரண்டு பங்காக்குவோம். அவன் நம்மிடம் ஓட்டும் ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு கழியட்டும். ஏழாம் மாதம் முடிந்து போகிறான் என்றால் ஐந்து பங்கு மட்டும் கட்டிவிட்டுப் போகட்டும். நோயோ விபத்தோ வந்தால் அதையும் கேட்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒப்பந்தம் தமிழில் எழுதி, ஒரு பிரதி அவன் கையில் இருக்க வேண்டும். லைசென்ஸ் அவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் மட்டும் ஆளை நிறுத்தாது என்பதும் நமக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு வந்த லாரியை மத்தியானம் வரை கடை வாசலில் நிறுத்திவைத்து, டிரைவருக்குக் கக்கூஸ் கூடக் காட்டாத கடைகள் இருக்கின்றன. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே நாளுக்கு எட்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டது. இறக்குக் கூலிக்காரர் வரவில்லை என்று நாம் காக்கவைக்கும் நேரத்தை அந்த எட்டில் யாரும் சேர்ப்பதில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு அரசாங்கம் ஏ.சி. கட்டாயமாக்கியிருக்கிறது. கடை வாசலில் ஒரு பெஞ்சும் குடிதண்ணீரும் வைக்கச் சட்டம் எதற்கு?

முதலில் நாலு பையன்களை எடுத்துப் பார்க்கலாம் என்பது நம் யோசனை. கட்டணத்தை எல்லா உறுப்பினரும் பகிர்ந்துகொண்டால் ஒரு கடைக்குப் பெரிய பாரமாக இருக்காது. அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவெடுத்தால், இலகுரக லைசென்ஸ் எடுக்க வேண்டியவர்கள் சம்பா அறுவடைக்குள் எடுத்துவிடலாம். அவர்கள் கனரக வண்டியில் உட்கார அதன்பின் ஓராண்டுக்கு மேல் ஆகும்.