ஸ்பீக்கரில் வந்த ‘டப்’ சத்தமும் மூன்றாவது கம்பியும்

பதிவு கொஞ்சம் நீளம். தீபத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. உங்களில் பலர் குழந்தை குட்டிகளோடு திருவண்ணாமலைக்கு வருவீர்கள், சிலர் நம் வீட்டிலேயே தங்குவீர்கள். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்குப் பாட்டு ஓட வேண்டும். அது என் மனைவி போட்ட சட்டம். ஹாலில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கும். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஓய்வு பெற்றபோது நான் ஆசையாக வாங்கியவை. இந்த மார்ச் மாதத்திலிருந்து பாட்டின் நடுவே திடீர் திடீரென்று ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரோ மைக்கை விரலால் தட்டியது போல இருக்கும். பாட்டே ஓடாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலும் வரும்.

“ஏங்க, இது என்னிக்காவது வெடிச்சிடப் போகுது” என்றாள் மனைவி. “மாமா, இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு சவுண்ட்பார் வாங்கிடலாம்” என்றார் மருமகன். மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். “கண்டென்சர் வீக் ஆகியிருக்கும் சார்” என்று நான்கு கண்டென்சர்களை மாற்றி 850 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மாட்டிய அன்று மாலையே மறுபடியும் ‘டப்’.

மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. மின்தேக்கிகள் சூட்டில் சீக்கிரம் கெடும் என்பது உண்மை. நம் ஊர் வெயிலில் காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயரை வைத்தால் அவற்றின் ஆயுள் குறையத்தான் செய்யும். ஆனால், “உங்க கடையில போட்டுப் பார்த்தப்ப அந்தச் சத்தம் வந்ததா?” என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பிறகு கேட்டேன். “அங்க வரவே இல்லியே சார்” என்றார். கடையில் வராத சத்தம் வீட்டில் வருகிறது என்றால், நோய் பெட்டியில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா? எட்டாம் வகுப்புப் பையன் கேட்க வேண்டிய கேள்வி. உங்களுக்கெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த நான் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பழைய புத்தி வந்தது. “கவனிக்காமல் காரணம் சொல்லாதே” என்று ஆய்வகத்தில் உங்களை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, ‘டப்’ வந்த நேரத்தை எழுதத் தொடங்கினேன். மூன்றாவது நாள் நோட்டைப் புரட்டியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. பகலில் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் இடைவெளி அதிகம். வீட்டில் அப்படி மூச்சு விட்டு மூச்சு வாங்குவது ஒன்றே ஒன்றுதான்: ஃபிரிட்ஜ். அதை ஒரு மணி நேரம் அணைத்து வைத்தேன். ஒரு ‘டப்’ கூட இல்லை. மறுபடி போட்டேன். கம்ப்ரஸர் உறுமத் தொடங்கிய அதே நொடியில் ஹாலில் ‘டப்’.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் விட்டமுள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அதில் 1998 முதல் அவ்வப்போது புரியாத துடிப்புகள் பதிவாகிவந்தன. 2015-இல்தான் காரணம் பிடிபட்டது. அங்கே இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது நிற்பதற்கு முன்பே யாரோ திறந்துவிடும்போது கசிந்த அலைதான் அது! எந்தத் துடிப்பு எந்த நேரத்தில் வந்தது என்று பார்த்துத்தான் அவர்களும் அடுப்பைப் பிடித்தார்கள். அதனால் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் சத்தம் வந்தால் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். நோட்டை எடுங்கள்.

நோட்டோடு சேர்த்து இந்தச் சின்னச் சோதனைகளையும் செய்து பாருங்கள். பெட்டியைத் திறக்காமலே செய்யக்கூடியவை.

1. ஆன், ஆஃப் செய்யும்போது மட்டும் ‘டம்’ என்று வருகிறதா? பல ஆம்ப்ளிஃபயர்களில் அது இயல்பு. மற்றவற்றை முதலில் ஆன் செய்து, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள்.

2. வால்யூம் திருகும்போது மட்டும் ‘கர கர’ என்றால் அந்தத் திருகுக்குள் தூசு. கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் சரியாகும். அதை மெக்கானிக் செய்யட்டும்.

3. வால்யூமை முழுக்கக் குறைத்தால் சத்தமும் குறைகிறதா? அப்படியானால் வருவது டிவியிலிருந்தோ, போனிலிருந்தோ, இடையில் உள்ள ஒயரிலிருந்தோ. குறையவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரின் பின்பகுதியையோ மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம்.

4. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் போடுங்கள். சத்தம் அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஸ்பீக்கரில் குற்றமில்லை. தாவாமல் அதே பெட்டியில் நின்றால் ஸ்பீக்கரையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

5. போட்டு அரை மணி நேரம் கழித்து, சூடு ஏறிய பிறகுதான் வருகிறதா? உள்ளே எங்கோ சால்டரிங் விட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் “சூடானால் வருகிறது” என்று மறக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அரை நாள் வேலை மிச்சம்.

6. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் மட்டும் ‘டிக்’ என்றால், ப்ளூடூத் கருவியோ கம்ப்யூட்டரோ மிச்சம் பிடிக்கத் தூங்கி விழிக்கும் சத்தமாக இருக்கலாம். அது பழுது அல்ல. செட்டிங்கைப் பாருங்கள்.

7. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் வந்தால், அது மாற்றிவிடும் ரிலேயின் வேலை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆர்வத்தில் மூடியைக் கழற்றிக் கைவிடாதீர்கள்.

சரி, ஃபிரிட்ஜ்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. இதோடு விட்டிருந்தால் ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் ஃபிரிட்ஜ் பத்து வருடமாக இருக்கிறது. எல்லா வீட்டிலும்தான் ஃபிரிட்ஜ் இருக்கிறது. எல்லா வீட்டிலும் ‘டப்’ வருவதில்லையே? அப்போதுதான் மனைவி போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்: “துடைக்கிறப்ப அந்தப் பெட்டி மேல கை பட்டா லேசா சுர்ருங்குதுங்க. ரொம்ப நாளாவே அப்படித்தான்.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம் பழைய மாணவர் ஒருவர் எலெக்ட்ரீஷியன் உரிமம் வைத்திருக்கிறார். போன் செய்ததும் வந்தார். ஹால் பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் காட்ட வேண்டும். 110 சொச்சம் காட்டியது. பலகையைக் கழற்றினார். எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. “சார், இதுல மூணாவது கம்பியே வரலியே” என்றார். 2003-இல் ஹாலைப் பெரிதாக்கியபோது இரண்டு கம்பி மட்டும் இழுத்து, மூன்று துளைப் பலகையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபிரிட்ஜும் அதே வரிசையில்தான். இருபது வருடத்துக்கும் மேலாக நாங்கள் எர்த் இல்லாமல் குடித்தனம் செய்திருக்கிறோம்.

பாடம் கொஞ்சம் நடத்திவிடுகிறேன். டிவி போன்ற கருவிகளில் இரைச்சலை வடிகட்டச் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். அவை ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் வரும் குப்பையை எர்த்துக்குத் தள்ளிவிடும். எர்த் இல்லை என்றால் குப்பை போக வழியில்லை. ஆடியோ ஒயரின் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைகிறது, நமக்கு ‘டப்’ என்று கேட்கிறது. அதோடு, அந்த மின்தேக்கிகள் 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரிப்பதால் கருவிகளின் உலோக உடல் 115 வோல்ட் அளவில் மிதக்கிறது. மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் ‘சுர்’ என்பதோடு நிற்கிறது. மீட்டரில் 110 சொச்சம் வந்ததற்கும் அதுதான் காரணம். ஆக, சத்தமும் சுர்ரும் இரண்டு நோய் அல்ல. ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

சுர் என்பது உயிரை எடுக்காது. ஆனால் அது சொல்லும் செய்தி பயங்கரமானது. ஃபிரிட்ஜுக்குள் ஒரு ஒயரின் உறை தேய்ந்து உடலைத் தொட்டால் என்ன ஆகும்? எர்த் இருந்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடும். முழு 230 வோல்ட்டோடு, யாராவது தொடும்வரை காத்திருக்கும். கார்த்திகை மழை, துடைத்த ஈரத் தரை, வெறுங்காலோடு தண்ணீர் பாட்டில் எடுக்க ஓடும் பேத்தி. மேற்கொண்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பத்தாம் வகுப்பில் நான் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? “பிளக்கில் மேலே உள்ள பின் மட்டும் ஏன் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கிறது?” ஒரு குறும்பன் “கம்பீரமா இருக்கட்டும்னு சார்” என்றான். வகுப்பே சிரித்தது. செருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும், அதனால் நீளம். தவறிப்போய் மின்சாரத் துளைக்குள் நுழையக் கூடாது, அதனால் தடிமன். இதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்தவன் நான். என் வீட்டுச் சுவரில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மதிப்பெண்ணுக்குப் படித்ததை நீங்கள் மட்டும் மறக்கவில்லை, நானும்தான் மறந்திருக்கிறேன்.

என் கருத்தை இனி நேராகவே சொல்கிறேன். நாம் சத்தத்தை அடக்குவதில்தான் குறியாக இருக்கிறோம். சத்தம் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. பெட்டியை மாற்று, பாகத்தை மாற்று, வால்யூமைக் கூட்டு. அன்றைக்கு மருமகன் பேச்சைக் கேட்டுப் புதிய சவுண்ட்பார் வாங்கியிருந்தால் ‘டப்’ நின்றிருக்கலாம். எர்த் இல்லாத ஃபிரிட்ஜ் அப்படியே நின்றிருக்கும்.

இதைவிட மோசமான ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் வந்தால் எர்த் பின்னை ஒடித்துவிடு, அல்லது டூ பின் அடாப்டர் போடு என்கிறார்கள். உறுமல் நிற்பதும் உண்மைதான். கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் அவற்றுக்கிடையே ஒரு சுற்று உண்டாகி 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். எர்த்தைத் துண்டித்தால் சுற்று அறுந்துவிடும். ஆனால் சங்கு ஊதி எழுப்புகிறது என்பதற்காக வாசல் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்துவீர்களா? எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் மாட்டுங்கள். கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் உறுமல் அந்த வழியாகத்தான் வரும். அதைத் தடுக்க ஐசொலேட்டர் கிடைக்கிறது. எர்த் பின்னைத் தொடாதீர்கள்.

அதேபோல், எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு நியூட்ரலையும் எர்த்தையும் பலகைக்குள்ளேயே இணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மிகவும் தவறு. எங்காவது நியூட்ரல் அறுந்தால் கருவியின் உடல் முழுக்க மின்சாரம் ஏறிவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயமும் உண்டு. மலையடிவாரப் பாறை மண், கோடையில் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்திருப்பார்கள், வெயில் காலத்தில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டுக் குழியைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் போட்டு மூடியே விட்டிருந்தோம்! இப்போது புதிதாகக் குழி எடுத்து, வீடு முழுக்க மூன்றாவது கம்பி இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. ஃபிரிட்ஜுக்குத் தனி லைன். ‘டப்’ முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்க்கிறது. சுர் அறவே இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு பாயின்ட்டிலும் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா வீட்டை முதலில் பாருங்கள். “கை பட்டா சுர்ருங்குது” என்று வீட்டில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

பார்த்துவிட்டு, ‘பார்த்தேன் சார்’ என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபத்துக்கு வாருங்கள். காலை ஆறு மணிக்குப் பாட்டு இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சார்