ஒரே அலமாரியில் கிடைக்காது

பாலினப் பாத்திரங்களின் உளவியலை ஆராய வரும் மாணவர்கள் பலர் உளவியல் அலமாரியோடு திரும்பிவிடுகிறார்கள். டூயி நூலக வகைப்பாட்டின்படி 155.3-ல் இருப்பது பாதிதான். மீதி, சமூகவியல் பக்கம் 305.3-லும் 305.4-லும் கிடக்கிறது. நூலகரைக் கேட்டால் சொல்வார், கேட்கத்தான் ஆளில்லை. தேடலில் காணும் இதே அவசரம் கருவியிலும் உண்டு: ஆண்மை, பெண்மைக் குணங்களை அளக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-ல் வெளியிட்ட அளவுகோலை ஆய்வேடுகள் அப்படியே எடுத்தாள்வது எனக்கு உறுத்துகிறது. ஆணுக்கு எது விரும்பத்தக்க குணம், பெண்ணுக்கு எது என்று அதற்காக மதிப்பிட்டவர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். அவர்களிடம் கேட்கப்பட்டதோ அமெரிக்கச் சமூகத்தின் எதிர்பார்ப்பு. மதுரைப் பெண்ணிடம் அந்தப் படிவத்தை நீட்டுமுன் மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தாக வேண்டும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ்ப் பெண்கள் இதழ்களையும் புரட்டுங்கள். மனைவி எப்படிப் பேசவேண்டும், மகன் எதற்கு அழக்கூடாது என்பதற்கு அவையும் சான்றுதான். நெறியாளர்கள் அவற்றை ஏற்க மறுப்பது அநியாயம்.