எதிர் முகாமிலிருந்து ஒரு நிதியமைச்சர்

பட்ஜெட் நெருங்கினால் ஆர்.கே. சண்முகம் செட்டியார் பெயர் பத்திரிகைகளில் தலைகாட்டும். ‘சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், கோவைக்காரர்’ என்று பெருமைப்பட்டுவிட்டு நாமும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். பெருமைக்குரியது ஊர் அல்ல, அவர் அந்த நாற்காலிக்கு வந்த வழிதான். நீதிக்கட்சிக்காரர், 1932 ஒட்டாவா மாநாட்டில் பிரிட்டிஷ் சரக்குக்கு வரிச்சலுகை தரும் ஒப்பந்தத்தை ஆதரித்தவர், 1934 தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றவர். அப்படிப்பட்டவரிடம்தான் 1947இல் காங்கிரஸ் அரசு கஜானாச் சாவியைக் கொடுத்தது. கொச்சி திவானாக நிர்வாகம் பார்த்தவர், 1944இல் பிரெட்டன் வுட்ஸ் சர்வதேச நிதி மாநாட்டுக்குப் போனவர் என்ற அனுபவம் கட்சி அட்டையைவிடப் பெரிதாகப்பட்டது. 1947 நவம்பர் 26இல் அவர் போட்ட முதல் பட்ஜெட்டில் மொத்தச் செலவு 197 கோடி ரூபாய். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92 கோடிக்கு மேல். பிரிவினைக் காலத்தில் அந்தக் கணக்கைப் போடக் கைதேர்ந்த ஆள்தான் வேண்டியிருந்தது. ‘ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லையே’ என்பார்கள். உண்மைதான், வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். ஆனால் அமைச்சகத்தில் நடந்த தவறுக்கு அமைச்சரே பொறுப்பு என்ற மரபுக்கு அது வலு சேர்த்தது. அவரைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று ஆக்கிவிடவில்லை. இன்று கட்சி மாறாமல் எதிர் முகாம்காரர் ஒருவர் நிதியமைச்சராக முடியுமா? முடியாது என்றால், நஷ்டம் நாட்டுக்குத்தான்.