500 வெள்ளிக்கு ஒரு காலா?

தோழர்களே!

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட தொழிலாளி ஒருவர், மோட்டார் சைக்கிளில் இடது ஓரமாகவே போகிறார். பின்னால் வந்த கார் அவரை முந்துகிறது. முந்திய கையோடு இடப்பக்கச் சந்துக்குள் திரும்புகிறது. வழி அடைபட்டு இடித்து விழுகிறார். கால் எலும்பு முறிகிறது. இது நாம் கண்டு கண்டு பழகிப்போன காட்சி.

பிறகு நடப்பதும் பழகிப்போனதுதான். காரிலிருந்து இறங்கியவர் கனிவாகப் பேசுகிறார். “பேசி முடித்துக்கொள்வோம் தம்பி, போலீசு கோர்ட்டு என்று போனால் உனக்குத்தான் அலைச்சல்” என்கிறார். 500 வெள்ளி கை மாறுகிறது. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது.

இது கருணையா? இல்லை, கணக்கு என்கிறோம் நாம்! ஐந்தாண்டுகள் இழப்பீடு கேட்காமல் ஓட்டிய காருக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு உண்டு. நீங்கள் வழக்காடினால் அந்தக் கழிவு போய்விடும். போலீசு சம்மனும் வரும். தம் கழிவைக் காப்பாற்ற உங்கள் காலை விலை பேசுகிறார் அந்தக் கனவான்!

“பாவம், அவர் எங்கே போவார் பணத்துக்கு?” என்று இரங்குவோரும் நம்மில் உண்டு. அவர் சட்டைப்பையிலிருந்து யார் கேட்டது? பிறருக்கு நேரும் காயத்துக்கு இன்சூரன்ஸ் எடுக்காமல் வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். கொடுக்க வேண்டியது கம்பெனி. அதற்கான பணத்தை அது முன்கூட்டியே வாங்கிவிட்டது.

உங்கள் உழைப்பின் விலை என்ன? 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டமே கணக்குச் சொல்கிறது. 31 வயதுக்கு மேற்பட்டவருக்கு, 60-இலிருந்து வயதைக் கழித்து, மீதியில் பாதி ஆண்டுகளுக்குச் சம்பள இழப்பு. 40 வயதுக்காரருக்குப் பத்தாண்டு. அவர் இனி வேலையே செய்ய முடியாதென்றால், 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிப்படி 204,000 வெள்ளி. வாழ்க்கைச் செலவென்று கோர்ட் ஒரு பகுதியைக் கழித்தாலும், 500 வெள்ளி எங்கே, இது எங்கே? வலிக்கும் வேதனைக்கும் வைத்தியச் செலவுக்கும் கிடைப்பது வேறு.

2019-க்கு முன் 60 இருந்த இடத்தில் 55 இருந்தது. ஓய்வு வயது 2013-லேயே 60 ஆகிவிட்டது; ஆறாண்டு கழித்தே இந்தச் சட்டம் விழித்தது. இன்றும் 61 வயதில் மங்கு துடைத்து மரம் வெட்டுகிறவருக்கு வருங்காலச் சம்பளம் ஒரு காசும் இல்லை. இது நியாயமா? பால் கொட்டும் மரம் வெட்டுகிறவனின் வயதைக் கேட்டதுண்டா?

எதிர்த்தரப்பு, “அவன்தான் பின்னால் வந்து இடித்தான்” என்று சொல்லும். பின்னால் இடித்தால் காரின் பின்பக்கம் நசுங்கும். குறுக்கே திரும்பினால் இடப்பக்கக் கதவும் மட்கார்டும் நசுங்கும். அந்த அடையாளமே சாட்சி! ஆகவே வண்டியை அகற்றுமுன் படம் எடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். அவசரப்பட்டு “என் மேலும் தப்பு” என்று சொல்லிவிடாதீர்கள். கோர்ட் உங்கள் மேல் கால்பங்கு தவறு கண்டால் தொகையிலும் கால்பங்கு போய்விடும்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டால் சொக்சோவும் உண்டு. வேறு வேலையாக வழி மாறிப் போயிருந்தால் அது சிக்கலாகும். சொக்சோ வாங்கினால் கார்க்காரர் மேல் வழக்குப் போட முடியாது என்பவர் பேச்சை நம்பாதீர்கள். சட்டம் தடுப்பது முதலாளி மேலும் அவருடைய ஊழியர் மேலும் போடும் வழக்கைத்தான்.

தீபகற்பத்தில் காய வழக்குக்கு ஆறாண்டு தவணை. உயிர் போயிருந்தால் குடும்பத்தார் மூன்றாண்டுக்குள் போட வேண்டும். அரசாங்க வண்டியானால் 36 மாதம். நாள் கடந்தால் நியாயம் இருந்தும் பயனில்லை.

கிராணிமாரே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோலும் சம்பளச் சீட்டுமே கோர்ட்டில் தொழிலாளியின் வாய். கேட்டு வரும்போது “நாளை வா” என்று அனுப்பாதீர்கள். மோட்டார் சைக்கிளில் போகும் உங்களுக்கும் அதே சந்து காத்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் “ஜெயித்தால் பங்கு” பேசும் ஏஜெண்டுகளிடமும் எச்சரிக்கை! அத்தகைய ஒப்பந்தத்தை வழக்கறிஞர் தொழிற் சட்டமே ஒப்புக்கொள்வதில்லை. முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

பிச்சை கேட்கவில்லை நாம். சட்டம் தந்ததைக் கேட்கிறோம். தாளை நீட்டினால் கையை மடக்குங்கள், தோழர்களே!